ஊருக்குத் திரும்ப எவ்வளவு பணம் காட்ட வேண்டும்?

லண்டனில் இருந்து வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கம் தருகிறேன்.

அவருக்கு வயது 66. இங்கே திருகோணமலை மாவட்டத்தில், உப்புவெளியில் பிறந்து வளர்ந்தவர். 1987இல் நாட்டை விட்டுப் போனார், 1998இல் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். ஒரு நகரசபையில் வேலை செய்து ஓய்வு பெற்றிருக்கிறார். மனைவிக்கு 61 வயது. மலேசியாவில் பிறந்த தமிழர், இப்போது பிரித்தானியப் பிரசை. பிள்ளைகள் இருவரும் அங்கேயே குடும்பமாகிவிட்டார்கள். "இனி ஊரிலேயே இருந்துவிடலாம் என்று நினைக்கிறோம்" என்கிறார். அரச ஓய்வூதியமாக நான்கு வாரத்துக்கு ஒருமுறை 880 பவுண் வருகிறது. வேலைசெய்த இடத்து ஓய்வூதியம் மாதம் 340 பவுண். சேமிப்பு 38,000 பவுண். இருப்பது நகரசபை வாடகை வீடு. அவருக்கு நீரிழிவு உண்டு, இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள்.

இலங்கையில் வயோதிபருக்கான வதிவிட விசா எடுக்க 15,000 டொலர் வங்கியில் போட வேண்டும், மாதாமாதம் டொலர் அனுப்ப வேண்டும் என்று கேள்விப்பட்டு, கணக்குப் போட்டுப் பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறார். கொழும்பில் ஒரு முகவர், "வைப்புப் பணத்தை நான் போட்டுக் காட்டுகிறேன், கமிஷன் மட்டும் தாருங்கள்" என்றாராம். தம்பியோ, "உன்னிடம் பழைய அடையாள அட்டை இருக்கிறதுதானே, நீ இலங்கையன்தான், புதுப் பாஸ்போர்ட் எடு" என்கிறாராம். அம்மாவின் வீட்டில் இருக்கும் தங்கை தன் பங்கை அண்ணனுக்கே விற்கத் தயார். "அந்த வீட்டை என் பெயரில் எழுதி, அதன் பெறுமதியை வைப்புக்குப் பதிலாகக் காட்டலாமா?" என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

ஐயா, உங்கள் கவலையின் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாத ஒரு விசாவைப் பற்றியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்னொரு பணக் கணக்கு இருக்கிறது, அதை உங்கள் கடிதத்தில் காணவில்லை. நான் அதிகம் பேச நினைப்பது அதைப் பற்றித்தான்.

நீங்கள் கேள்விப்பட்ட விசா

அதன் பெயர் 'மை ட்ரீம் ஹோம்' விசா. 55 வயதைத் தாண்டிய வெளிநாட்டவர்களுக்கானது. பிரதான விண்ணப்பதாரி 15,000 அமெரிக்க டொலரையோ அதற்குச் சமமான வேறு வெளிநாட்டு நாணயத்தையோ இலங்கை வங்கியொன்றில் நிலையான வைப்பில் போட வேண்டும். அதற்கு மேலதிகமாக மாதாந்தம் 1,500 டொலர் வெளிநாட்டில் இருந்து வரவேண்டும். துணை வந்தால் அவருக்கு இன்னும் 750 டொலர். விசா இரண்டு வருடத்துக்கு வழங்கப்படும், நிபந்தனைகளைக் கடைப்பிடித்தால் புதுப்பிக்கலாம்.

இந்த 15,000 டொலர் கட்டணம் அல்ல. பணம் உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் விசாவில் இருக்கும் காலம் முழுக்க அதில் கைவைக்க முடியாது. வீட்டின் பெறுமதியை அதற்கு ஈடாகக் காட்டவும் முடியாது. குடிவரவு குடியகல்வு திணைக்களம் கேட்பது வெளியில் இருந்து வந்த நாணயத்தை, இங்கே ஏற்கெனவே இருக்கிற சொத்தை அல்ல.

உங்கள் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். 880 பவுண் ஆண்டுக்கு 13 தடவை வருகிறது. அதை மாதத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 953. அதோடு 340 சேர்த்தால் 1,293 பவுண். ஒரு பவுணை 1.30 டொலர் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 1,680 டொலர். உங்கள் ஒருவருக்கு இது போதும். இருவருக்குத் தேவை 2,250, அதற்குக் கிட்டத்தட்ட 570 குறைகிறது. அந்தக் குறையைச் சேமிப்பில் இருந்து மாதாமாதம் நிரப்பினால் வருடத்துக்கு 5,000 பவுணுக்கு மேல் இங்கே வந்துவிடும். இங்கே செலவழிக்கலாம்தான், ஆனால் அங்கே அவசரத்துக்கென்று வைத்திருந்த கையிருப்பு கரைந்துபோகும். பவுண் விழுந்தால் குறை இன்னும் கூடும்.

பணம் வரும் விதமும் முக்கியம். வெளிநாட்டில் வாழ்பவர்களுக்குப் பிரித்தானிய அரச ஓய்வூதியத்தை 4 வாரத்துக்கு ஒருமுறையோ 13 வாரத்துக்கு ஒருமுறையோ அனுப்புவார்கள். வங்கிச் செலவு குறையும் என்று பலர் 13 வாரத்தைத் தெரிவுசெய்கிறார்கள். விசா புதுப்பிக்கப் போகும்போது வங்கிக் கூற்றில் இரண்டு மாதம் வெறுமையாகவும் மூன்றாம் மாதம் பெருந்தொகையாகவும் இருக்கும். மாதாந்த வரவு என்ற நிபந்தனையைப் பார்க்கிற அதிகாரி அந்த வெறும் மாதங்களைப் பற்றித்தான் கேட்பார். இந்த விசாவில் வர நினைக்கும் மற்ற வாசகர்களும் இதைக் கவனியுங்கள். உங்கள் நாட்டில் ஓய்வூதியம் எந்த இடைவெளியில் வந்தாலும், இலங்கைக் கணக்குக்கு மாதம் ஒருமுறை நீங்களே அனுப்பும்படி ஒழுங்குசெய்யுங்கள்.

முகவர் சொன்ன வழி வேண்டாம்

இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. அவர் போட்டுக் காட்டுவதாகச் சொல்லும் பணம் உங்களுடையது அல்ல. வைப்பு விசாக் காலம் முழுக்க இருக்க வேண்டும், மூன்றாம் மாதம் அவர் எடுத்துக்கொண்டால் நிபந்தனையை மீறியவர் நீங்கள். விண்ணப்பத்தில் கையெழுத்தும் உங்களுடையது. பொய்யான விவரம் கொடுத்தவர் என்ற பதிவு குடிவரவு குடியகல்வு திணைக்களத்தின் கோப்பில் விழுந்தால், பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அதுவும் மேசைக்கு வரும். நேர்வழியிலேயே வரக்கூடிய ஒருவர் எதற்காக அந்த ஆபத்தை விலைகொடுத்து வாங்க வேண்டும்?

நீங்கள் இப்போது இலங்கைப் பிரசையா?

தம்பி பாசத்தில் சொல்கிறார், ஆனால் சட்டம் அப்படி இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க குடியுரிமைச் சட்டத்தின்படி, இன்னொரு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்றுக்கொண்ட நாளோடு இலங்கைக் குடியுரிமை அற்றுப்போகிறது. உங்களுக்கு அது 1998இல் நடந்துவிட்டது. எவரும் கடிதம் போட்டு அறிவித்திருக்க மாட்டார்கள், அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். அதனால்தான் பலர் இன்னும் பிரசைதான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பழைய அட்டையைக் காட்டிக் கடவுச்சீட்டு எடுக்கப் போகாதீர்கள். அட்டையை வீசவும் வேண்டாம். நீங்கள் முன்பு பிரசையாக இருந்தவர் என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

ஆனால் இழந்ததைத் திரும்பப் பெற வழி உண்டு. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவின் கீழ் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இதற்குப் பல வகுதிகள் இருக்கின்றன: கல்வி அல்லது தொழில் தகைமை, 25 இலட்சம் ரூபாவுக்குக் குறையாத சொத்து, மூன்று வருட நிலையான வைப்பு என்று. வீட்டின் பெறுமதியைக் காட்டலாம் என்ற உங்கள் யோசனை இங்கிருந்து வந்ததாக இருக்கலாம். ஆனால் இவற்றில் ஒன்று இருந்தால் போதும், 55 வயதைத் தாண்டியிருப்பதும் தனி வகுதி. உங்களுக்கு 66. வயதை நிரூபிக்க வேண்டும், வைப்பையோ வீட்டையோ அல்ல. பிரித்தானியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது என்பதால் அங்கே எதையும் இழக்க மாட்டீர்கள்.

அமைச்சரின் தற்றுணிபில் வழங்கப்படுவது இது, கேட்டவுடன் கிடைத்தே தீரும் உரிமை அல்ல. கட்டணமும் சிறிதல்ல. விண்ணப்பத்தை லண்டனில் உள்ள உயர்ஸ்தானிகராலயம் மூலமே கொடுக்கலாம், பத்தரமுல்லையில் உள்ள திணைக்களத்துக்கு அலைய வேண்டியதில்லை. முடிவு வரும்வரை லண்டன் வீட்டை விடாதீர்கள்.

பொதுவாக இந்த விண்ணப்பங்கள் இழுபடுவது பணத்தால் அல்ல, பெயரால். உங்கள் பிறப்புச் சான்றிதழில் தமிழில் உங்கள் பெயர் மட்டும் இருக்கும், அப்பாவின் பெயர் வேறொரு கட்டத்தில் இருக்கும். பிரித்தானியக் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் உங்கள் குடும்பப் பெயராகிவிட்டிருக்கும். ஆங்கில எழுத்திலும் பழைய இலங்கைக் கடவுச்சீட்டில் ஒருவிதம், பிரித்தானியக் குடியுரிமைச் சான்றிதழில் ஒருவிதம். விவாகப் பதிவில் மூன்றாவது விதம் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். இவை எல்லாம் ஒரே ஆள்தான் என்று சொல்லும் சத்தியக்கடதாசி ஒன்றை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லா எழுத்துக்கூட்டலும் அதில் இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதியை இங்கே பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளையில் தம்பியே எடுத்துத் தரலாம். இடப்பெயர்வுகளில் மூலப் பிரதிகளைத் தொலைத்தவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம், அதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. பிரித்தானியப் பொலிஸ் சான்றிதழை அங்கிருந்தே எடுங்கள்.

துணைவியாரின் நிலை

உங்கள் துணைவியார் ஒருகாலத்திலும் இலங்கைப் பிரசையாக இருந்ததில்லை. ஆகவே இரட்டைக் குடியுரிமை வழி அவருக்கு இல்லை. உங்களுக்குக் கிடைத்த பிறகு, இலங்கைப் பிரசையின் வாழ்க்கைத்துணை என்ற அடிப்படையில் அவர் வதிவிட விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அது வேறு வகை விசா, 15,000 டொலர் வைப்பும் 750 டொலர் மாத வரவும் அதற்குப் பொருந்தாது. உங்கள் வரிசை இதுதான்: முதலில் நீங்கள், பிறகு அவர். இருவரும் சேர்ந்து வெளிநாட்டவராக விண்ணப்பித்தால் உங்கள் வருமானம் காணாது. நீங்கள் பிரசையாக, அவர் துணையாக வந்தால் அந்தக் கேள்வியே எழாது.

ஆனால் ஐயா, சொல்லக் கஷ்டமான ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த விசா உங்கள் திருமணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது. உங்களுக்குப் பிறகு அவர் எந்த அடிப்படையில் இங்கே இருப்பார்? மை ட்ரீம் ஹோம் விசாவுக்கு வயது இருக்கும், ஆனால் அப்போது அவர்தான் பிரதான விண்ணப்பதாரி. தனியாக 15,000 டொலர் வைப்பும் மாதம் 1,500 டொலரும் காட்ட வேண்டும். பிரித்தானியாவின் தேசிய காப்புறுதியில் (நேஷனல் இன்சூரன்ஸ்) அவருக்கு 14 வருடப் பங்களிப்பு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முழு அரச ஓய்வூதியத்துக்கு 35 வருடம் வேண்டும், குறைந்தது 10 இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. 14 வருடத்துக்கு 2025–26 விகிதப்படி வாரம் ஏறக்குறைய 92 பவுண், அதுவும் 67 வயதில்தான் தொடங்கும். உங்கள் வேலைத்தல ஓய்வூதியத்தில் துணைக்குரிய பங்கைச் சேர்த்தாலும் 1,500 டொலர் வராது.

சட்டத்தில் இன்னொரு வழி உண்டு. பிரசையின் துணையோ, துணையை இழந்தவரோ, இங்கே ஒரு வருடம் வசித்தபின் பதிவின் மூலம் குடியுரிமை கேட்கலாம். ஆனால் அப்படிப் பெறுபவர் மற்ற நாட்டுக் குடியுரிமையைக் கைவிட வேண்டும். பிள்ளைகள் லண்டனில் இருக்கும்போது பிரித்தானியக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்படி நான் அவருக்குச் சொல்ல மாட்டேன்.

ஆகவே இரண்டு விடயங்களை இப்போதே செய்யுங்கள். ஒன்று, அவருடைய பங்களிப்புப் பதிவை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது சைல்ட் பெனிஃபிட் என்ற பிள்ளைகளுக்கான அரச கொடுப்பனவு அவர் பெயரில் வந்திருந்தால், அந்த ஆண்டுகளுக்கான வரவு பதிவில் சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் பெயரில் வந்திருந்தால் அவற்றை அவருக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மீதி இடைவெளிகளைப் பணம் கட்டி நிரப்ப முடியுமா என்பதை அங்கே இருக்கும்போதே விசாரியுங்கள், வெளிநாட்டுக்கு வந்தபின் நிபந்தனைகள் வேறு. இரண்டாவது, சேமிப்பில் ஒரு பகுதியை அவர் பெயரிலேயே பவுணாக வைத்திருங்கள். இங்கே இருப்பதா பிள்ளைகளிடம் போவதா என்பதை அன்று அவர் முடிவுசெய்யட்டும், பணமில்லாததால் எவரும் அவருக்காக முடிவுசெய்யும் நிலை வரக்கூடாது.

உறையும் ஓய்வூதியம்

உங்கள் கடிதத்தில் காணாத கணக்கு என்று சொன்னேனே, அது இதுதான். பிரித்தானிய அரச ஓய்வூதியம் அங்கே வாழ்பவர்களுக்கு ஆண்டுதோறும் கூடும். சில நாடுகளில் குடியேறியவர்களுக்கும் கூடும். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் இங்கே வந்து குடியேறும்போது என்ன தொகையோ, இங்கே இருக்கும்வரை அதே தொகைதான். 2016–17இல் முழுப் புதிய ஓய்வூதியம் வாரம் 155.65 பவுண். அந்த வருடம் அதைப் பெறத் தொடங்கி இலங்கைக்கு வந்து தங்கிவிட்டவருக்கு இன்றும் 155.65தான். அவரோடு அதே நாளில் ஓய்வு பெற்று லண்டனிலேயே இருந்தவருக்கு 2025–26இல் 230.25. ஒன்பது வருடத்தில் வாரம் ஏறக்குறைய 75 பவுண் வித்தியாசம்.

உங்கள் 880 பவுணும் அப்படித்தான் நிற்கும். உங்களுக்கு 80 வயதாகும்போதும் அது 880ஆகவே இருக்கும், இங்கே மீனும் மருந்தும் ஆட்டோக் கூலியும் அப்படி நிற்காது. 2022இல் என்ன நடந்தது என்று நீங்கள் தூரத்தில் இருந்து பார்த்தீர்கள். ஒரு டொலர் 200 ரூபாவில் இருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. வெளிநாட்டு நாணயம் வந்துகொண்டிருந்த வீடுகள் அந்த வருடத்தைச் சமாளித்தன. ரூபாவில் மட்டும் சேமித்திருந்த வயோதிபர்களின் பாடு வேறு. ஆகவே சேமிப்பு முழுவதையும் கொண்டுவந்து, வட்டி நன்றாக இருக்கிறது என்று ரூபா வைப்பில் போடாதீர்கள். நகரசபை வேலை ஓய்வூதியம் நீங்கள் எங்கே இருந்தாலும் ஆண்டுதோறும் கூடும். அந்த 340 பவுணைச் சின்னத் தொகை என்று நினைக்காதீர்கள்.

வருமானம் குறைந்த ஓய்வூதியருக்குத் தரும் பென்ஷன் கிரெடிட் போன்ற உதவிகள் நிரந்தரமாக வெளியேறியதும் நின்றுவிடும். அங்கே இலவச ஆஸ்பத்திரிச் சிகிச்சையும் வசிப்பவர்களுக்குத்தான், கட்டிய வரிக்காக வாழ்நாள் முழுக்கத் தருவதில்லை. கோயில் திருவிழாவுக்கு இங்கே, ஸ்டென்ட் பரிசோதனைக்கு அங்கே என்று நீங்கள் மனதில் வைத்திருக்கும் ஏற்பாடு சட்டப்படி சரிவராது. இங்கே நமது மாவட்ட பொது வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் இருதயத்துக்குப் பெரிய சிகிச்சை என்றால் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டி வரலாம், கொழும்பு இங்கிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர். உங்கள் வயதில், ஏற்கெனவே இருதய நோய் உள்ளவருக்கு, தனியார் காப்புறுதி அந்த நோயை விலக்கியே எழுதப்படக்கூடும். மருத்துவத்துக்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி, அதை வீடு திருத்தும் செலவில் கலக்காமல் வைத்திருங்கள்.

வீடு

தங்கையின் பங்கை இப்போது விலைக்கு வாங்காதீர்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க காணிச் சட்டத்தின்படி, வெளிநாட்டவருக்குக் காணி விற்றால் அந்தக் கைமாற்றம் செல்லாது. இன்று நீங்கள் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர். அம்மாவிடம் இருந்து வாரிசாக உங்களுக்கு வந்த பங்குக்கு இந்தத் தடை இல்லை, நெருங்கிய உறவினர் வாரிசுரிமையில் பெறுவதைச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. இரட்டைக் குடியுரிமை கிடைத்தவர்களுக்கும் தடை இல்லை. அது கையில் வந்தபின் தாராளமாக வாங்குங்கள். "இப்போதைக்குத் தம்பியின் பெயரில் எழுதலாம்" என்ற யோசனை வரும். வேண்டாம். குடும்பங்கள் பிரிந்துபோன வழக்குகளில் பல அப்படித்தான் ஆரம்பித்திருக்கின்றன. அதற்கும் முன்னால், அந்தக் காணி உறுதிக் காணியா அரச அனுமதிப்பத்திரக் காணியா என்று தங்கையிடம் கேளுங்கள். நமது மாவட்டத்தில் அனுமதிப்பத்திரக் காணிகள் நிறைய. அப்படியானால் பிரதேச செயலகத்தின் சம்மதம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது, நான் மேலே சொன்னதும் மாறிவிடும்.

நகரசபை வீட்டை ஒப்படைப்பதைக் கடைசி வேலையாக வையுங்கள். ஒருமுறை விட்டால் திரும்பக் கிடைப்பது அரிது. உடல்நிலை காரணமாக நீங்கள் திரும்பிப்போனாலும், அரச உதவிகளுக்கு முதலில் அங்கேதான் வழக்கமாக வசிக்கிறீர்கள் என்று காட்ட வேண்டி வரும். எத்தனை வாரம் வெளியே இருக்கலாம் என்று வீட்டுப் பகுதியிடம் எழுத்தில் கேட்டு, அந்த அளவுக்குள் ஒரு மாரிகாலத்தை இருவருமாக இங்கே கழித்துப் பாருங்கள். ஊரை விட்டு நீங்கள் போய்க் கிட்டத்தட்ட நாற்பது வருடம். துணைவியார் இங்கே விருந்தாளியாக வந்திருக்கிறார், குடியிருந்ததில்லை. அவர் மனம் எப்படி என்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. எனக்கு அடுத்த கடிதம் எழுதும்போது அவரும் சேர்ந்து எழுதட்டும்.

இப்போதைக்கு இரண்டு வேலை. தம்பியிடம் சொல்லிப் பிறப்புச் சான்றிதழை எடுங்கள், தங்கையிடம் சொல்லி வீட்டு உறுதியின் பிரதியை எடுப்பியுங்கள். அவை வந்ததும் உங்கள் பிரித்தானியக் குடியுரிமைச் சான்றிதழோடு சேர்த்து ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். முகவருக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள்.